அக்கரப்பத்தனை சேர்வரை நிறுத்தியவருக்கு

சேர்,

இன்று காலை ஸ்டோர் அறையில் பழைய இரும்புக்குப் போக வேண்டிய சாமான்களைப் பிரிக்கும்போது அக்கரப்பத்தனையின் பழைய சேர்வர் கணினி கைக்கு வந்தது. மூடியைக் கழற்றியதும் தேயிலைத்தூள் வாசனை. பின்பக்கம், வயர் செருகும் மூன்றாவது துவாரத்துக்கு மேல் உங்கள் கையெழுத்தில் ஒட்டிய சீட்டு: ‘இதில் கை வைக்கக் கூடாது.’ நீங்கள் இறந்து ஒரு மாதமாகிறது. பத்திரிகை அறிவித்தலில் உங்களை எளிமையின் உருவம் என்று போட்டிருந்தார்கள். வாசித்துவிட்டுச் சிரித்தேன். அதற்காக வருத்தப்படவும் இல்லை.

இரண்டாயிரத்து ஆறில் எங்கள் தேயிலைக் கம்பனியின் நுவரெலியா ஆபீசில் கணினிப் பிரிவுக்கு நீங்கள் தலைவர். நான் தோட்டத்து ஆட்களின் லயத்து வீட்டில் பிறந்து, கணினி படித்து, உங்களுக்குக் கீழே வேலைக்கு வந்தவள். தோட்டத்து ஆட்கள் பறிக்கும் கொழுந்தின் நிறையெல்லாம் அக்கரப்பத்தனை தொழிற்சாலையில் இருந்த அந்த சேர்வரில்தான் பதிவாகும். அது அடிக்கடி உறைந்து நிற்கும். “பிள்ளை, ஒருக்காப் போய் பட்டனை அமத்திப்போட்டு வாரும்” என்பீர்கள். பஸ் ஏறி, சந்தியில் இறங்கி, மழையில் மேடு ஏறிப் போய், ஒரு பட்டனை அமத்திவிட்டு அதே வழியில் திரும்புவேன். அந்த மூன்றாவது துவாரம் எதற்கு என்று ஒரு தடவை கேட்டேன். “அது உமக்கு விளங்காத விசயம்” என்று சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தீர்கள்.

பிறகு அந்தப் பகல் வந்தது. கொழும்பிலிருந்து வந்த மூன்று அதிகாரிகள் உங்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். இங்கிருந்தே எந்த மெஷினையும் எழுப்புவேன், படுக்க வைப்பேன் என்று நீங்கள் ஆங்கிலத்தில் பெருமையடித்தது என் காதிலும் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் அக்கரப்பத்தனையிலிருந்து போன் வந்தது. நிறை பதிந்துகொண்டிருக்கும்போதே சேர்வர் அணைந்து, அன்றைய பதிவு முழுதும் அழிந்துவிட்டதாம்.

விசாரணைக்கு நீங்களே போனீர்கள். அந்த அறையைக் கூட்டுகிற லெச்சுமி அக்காவைக் கூப்பிட்டு நிறுத்தினீர்கள்.

“தும்புத்தடியால வயரை இழுத்துப்போட்டு இப்ப முழுசுறாய்.”

“நான் தொடவே இல்லைங்க சேர். அந்தப் பக்கமே போகலைங்க.”

அன்றே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அழிந்த பதிவுகளைத் திரும்ப ஏற்றுவதற்கு என்னை அனுப்பினீர்கள். நீங்கள் செய்த ஒரே முட்டாள்தனம் அது என்று எழுத ஆசைதான். ஆனால் ஒன்றோடு நிற்கவில்லையே.

இரண்டாம் நாள் உங்கள் சீட்டு ஒட்டிய அந்த மூன்றாவது துவாரத்தில் என் மடிகணினியின் வயரைச் செருகினேன். சேர்வருக்குள்ளேயே இன்னொரு சின்னக் கணினி இருந்தது. பெரியது உறைந்தாலும் அணைந்தாலும் அது விழித்திருக்கும். தூரத்திலிருந்து அதனோடு பேசி, பெரியதை நிறுத்தலாம், எழுப்பலாம். கடவுச்சொல் கேட்டது. சேர்வரின் முன்பக்கத்தில் தயாரித்தவர்களே தொங்கவிட்டிருந்த அட்டையில் இருந்ததை அடித்தேன். திறந்துவிட்டது. கை வைக்கக் கூடாது என்று சீட்டு ஒட்டத் தெரிந்த உங்களுக்கு, கூடவே வந்த கடவுச்சொல்லை மாற்றத் தெரியவில்லை, சேர்.

யார், எப்போது, எங்கிருந்து என்று எல்லாவற்றையும் அது எழுதி வைத்திருந்தது. அந்தப் பகலில் மின்சாரத்தை நிறுத்தச் சொன்னது உங்கள் பெயர். உங்கள் மேசைக் கணினியிலிருந்து. கொழும்பு ஆட்களுக்கு வித்தை காட்டப்போய்த் தவறான இடத்தில் அமத்தியிருக்கிறீர்கள். நான் மழையில் மேடு ஏறிய நாட்களிலும், உள்ளே வந்து பார்த்ததாக உங்கள் பெயர் அதில் இருந்தது. விரலால் முடிக்கக்கூடிய வேலைக்கு என்னை நடக்கவிட்டு, திரையில் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறீர்கள்.

அச்செடுத்து உங்கள் முன் வைத்தேன். “மெசினின்ட மணிக்கூடு பிழை” என்றீர்கள்.

“மணிக்கூட்டப் பாத்துட்டுத்தான் வந்தேன் சேர். சரியா இருக்கு. இங்கயிருந்தே செய்யலாம்னா என்னைய எதுக்கு பஸ்ஸுல அனுப்புனீங்க?”

“எல்லாத்தையும் இஞ்சயிருந்து செய்தா, நீர் ஏன் எண்டு மேலிடம் கேக்கும். உம்மட வேலையைக் காப்பாத்தினது நான்.” பிறகு காகிதத்தை நான்காக மடித்தீர்கள். “ஒரு கூட்டுற பொம்பிளைக்காக என்ர பேரைக் கெடுக்கப் போறீரோ?”

இன்னொரு பிரதியைத் தோட்டத்து மனேஜரான பெரிய துரையிடம் கொடுத்தேன். லெச்சுமி அக்காவைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. கொழுந்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனார். தேடிப் போய்க் கேட்டேன்.

“கூப்புட்டாங்கதான் தங்கச்சி. ஆனா ‘நீ செய்யல’னு ஒருத்தரும் சொல்லலியே. எந்த மூஞ்சியோட அந்த ரூமுக்குள்ள போறது?”

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லுங்கள் என்று இரண்டு தடவை உங்களிடம் கேட்டேன். இரண்டு தடவையும் “பாப்பம்” என்றீர்கள்.

அதனால் ஒரு நாள் காலை, ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கும் பெரட்டுக்கு நானே போனேன். “சேர்வர நிறுத்துனது லெச்சுமி அக்கா இல்லைங்க. நுவரெலியா ஆபீசுல இருக்க எங்க சேர்தான்” என்று சத்தமாகச் சொல்லி, நாளையும் நேரத்தையும் வாசித்தேன். வேலை பிரித்துக்கொண்டிருந்த கண்டாக்கையா என்னைத் தடுக்கவில்லை. தன் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். லெச்சுமி அக்கா கூடையின் தலைக்கயிற்றைச் சரிசெய்துகொண்டு கேட்டார்:

“நீ இங்க வந்து சொல்றது அந்த சேருக்குத் தெரியுமா?”

“தெரியாதுக்கா.”

“தெரியட்டும்” என்றார். மறுநாள் அந்த அறையைக் கூட்டப் போனார்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. உங்களுக்குக் கொழும்பில் பதவி உயர்வு வந்தது. என் வேலையைக் காப்பாற்றியதாக நீங்கள் சொன்னது ஒருவேளை பாதி உண்மையாக இருக்கலாம். நன்றி சொல்வேன் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

இப்போது உங்கள் கதிரையில் நான் இருக்கிறேன். எல்லாத் தொழிற்சாலைச் சேர்வர்களையும் இங்கிருந்தே நிறுத்துகிறேன், எழுப்புகிறேன். யாரையும் மேடு ஏற்றுவதில்லை. நேற்றும் ஒரு சேர்வர் உறைந்து நின்றது. அமத்துவதற்கு முன் அங்கே வேலை செய்கிற பெண்ணுக்குப் போன் எடுத்து, என் பெயரைச் சொல்லி, “இப்ப நான்தான் நிறுத்தப் போறேன், நேரத்தக் குறிச்சுக்கங்க” என்றேன்.

“ஒவ்வொரு தடவையும் எதுக்கு மிஸ் பேரெல்லாம் சொல்றீங்க? குரல வச்சே தெரியுதே” என்று சிரித்தாள்.

“பரவால்ல, எழுதிக்கங்க” என்றேன். அவள் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து, அதற்குப் பிறகுதான் அமத்தினேன்.