மூணு மணிச் சங்கு

1992 மார்ச் 9, திங்கள்

காலையிலேயே வெயில். வேலை: சங்கு மோட்டாருக்கு எண்ணெய், கேட் புத்தகத்துக்கு அட்டை, வீட்டுக்கு உளுந்து, செருப்பு தைக்க. செருப்பு மறந்துபோச்சு.

இரண்டரைக்கு மில் கேட்டில் சாலமன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் வந்திருக்கிறான். தோளில் அதே கிடார், தலையணை உறைக்குள். இங்கே கோன் வைண்டிங்கில் நூல் சுற்றும் வேலையை விட்டுப் பாட்டே கதி என்று அவன் போய் எட்டு வருடம். தலை முழுக்க வெள்ளை.

"ஏலே மாடசாமி, இன்னும் நீதான் சங்கு ஊதுதியா?"

"ஆமா. நீ இன்னும் அடுத்தவன் வீட்டுத் தலகாணி உறையத்தான் களவாங்குதியா?"

விஷயம்: சனிக்கிழமை மதுரையில் ரிக்கார்டிங். எட்டுப் பாட்டு, எல்லாம் அவனே கட்டியது. நாற்பத்தாறு வயதில் முதல் கேசட். பேரனுக்குத் தொட்டில் கட்டும்போது போடலாம் என்றேன். சிரித்தான்.

மூன்று மணி. சுவிட்சைப் போட்டேன். கூரைமேல் சைரன், எங்கள் பாஷையில் சங்கு, ஊதியது. சா. (முழுப் பெயர் எழுதக் கை வலிக்கிறது) வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து கிடாரின் தடிக்கம்பியைத் திருகி அந்தச் சத்தத்தோடு சேர்த்தான். அந்தக் காலம் போலவே.

மார்ச் 10, செவ்வாய்

கேட்டில் ஈ ஓட்டினேன். பழசெல்லாம் ஞாபகம்.

81-இல் சுருதிப்பெட்டி வாங்க அவனுக்கு வக்கில்லை. ஷிப்டு முடிகிற மூன்று மணிச் சங்குதான் சுருதி. கிடார் ஸ்ரீவி. சர்ச்சில் கற்றது. அங்கிருந்த சாமியார் ஒரு ரிக்கார்டு போட்டுக் காட்டினாராம். அமெரிக்காவில் பருத்திக்காட்டில் பாடுபட்ட கறுப்பு ஜனங்களின் பாட்டு. "அவிய பருத்தி பறிச்சாவ, நாம நூலு நூக்கோம். அம்புட்டுத்தாம்ல வித்தியாசம்" என்பான்.

அவன் பாட்டு ஒரு தினுசு. ஒரு வரி, அதே வரி மறுபடி, மூன்றாவதில் பதில்.

"எதுக்குலே ஒண்ணையே ரெண்டு தடவ பாடுத?"

"மில்லுல எட்டு மணி நேரம் நின்னவனுக்கு ஒரு தடவைல காது கேக்காதுல்லா."

எல்லாருக்கும் பிடித்தது இது:

பஞ்சு ஒட்டுன தலையப் பாத்து அம்மா நரையின்னா
பஞ்சு ஒட்டுன தலையப் பாத்து அம்மா நரையின்னா
தட்டித் தட்டிப் பாக்கேன், பாதி போகல.

அப்போது நரை கிடையாது, தட்டினால் எல்லாம் போய்விடும். சும்மா பாடினான்.

சேத்தூரிலிருந்து வேலைக்கு வரும் பெண்கள் பஸ்ஸை விட்டுவிட்டு நின்று கேட்பார்கள். அதில் ஒருத்திதான் என் வீட்டுக்காரி. பாட்டு அவனுடையது, பெண் எனக்கு. இதை வைத்தே இன்னும் பத்து வருடம் சீண்டலாம்.

மில்லை விட்டுப் போன பிறகு கார்டு போடுவான். பெங்களூர் ஓட்டல், கொடைக்கானல், காலேஜ் ஆஸ்டல். தகரப்பெட்டியில் இருக்கின்றன. ஒன்றில்: "சாப்பிடுகிறவர்கள் நடுவில் பாடுகிறேன். ஸ்பூன் சத்தம் தாளத்துக்கு வரவில்லை."

மார்ச் 14, சனி

லீவு போட்டு அவனோடு மதுரை. ஸ்டூடியோ மாடியில். காற்றாடி போட்டால் சத்தம் விழுமாம், நிறுத்திவிட்டார்கள். எல்லாரும் அவிந்தோம்.

துணைக்கு ஆர்மோனியக்காரர். ஒரு கட்டையை அழுத்தினார், அடுத்ததை அழுத்தினார், உதட்டைப் பிதுக்கினார். "அண்ணே, ஒங்க கிடாரு ரெண்டு கட்டைக்கும் நடுவுல நிக்குது."

மேல் கட்டைக்குக் கம்பியை ஏற்றிப் பாடினான். பஞ்சுப் பாட்டு. மூன்றாவது வரியில் தொண்டை உடைந்தது. மறுபடி. மறுபடி. அதே இடம்.

கீழ்க் கட்டைக்கு இறக்கினால் குரலே கேட்கவில்லை.

ஸ்டூடியோக்காரர் தன்மையான மனிதர். "கோவிச்சுக்கிறாதீக. பாட்டு அருமை. கொரல்தான் ஒக்காரல. பாட்ட மட்டும் குடுங்க, இங்க நல்ல கொரல் இருக்கு. கவர்ல ஒங்க பேரு போட்டுருவோம்."

"புதன்கிழமை சொல்லுதேன்" என்றான் சா.

பஸ்ஸில் கிடாரை என் மடியில் வைத்தான். நான் சீண்டவில்லை. ஸ்ரீவி. ஸ்டாண்டில் இறங்கினான். கிடாரை என் மடியிலேயே விட்டுவிட்டுப் போனான். ஜன்னல் வழியாகக் கூப்பிட்டுக் கொடுத்தேன்.

கிடார் இரண்டு கட்டைக்கு நடுவில் நிற்கிற காரணம் எனக்குத் தெரியும். காலை ஏழு மணிச் சங்கு கணீர் என்று ஏறும். மத்தியானம் கரண்டு குறைந்து இழுத்துக்கொண்டு கிடக்கும், மூன்று மணிச் சங்கு சுருதி இறங்கித்தான் ஊதும். அதில் கிடாரைச் சேர்த்துச் சேர்த்து அவன் குரலும் அங்கேயே குடியேறிவிட்டது. ஒருநாளும் அவனிடம் சொன்னதில்லை. தப்பு சங்குடையது. சங்கு என்னுடையது.

மார்ச் 15, ஞாயிறு

ஸ்ரீவி. போய்ச் சொல்லிவிட்டேன். கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்தான்.

"தெரியும்ல" என்றான்.

"என்ன தெரியும்?"

"காலைச் சங்கு ஒசரம்னு. ஒருநா ஏழு மணிக்குச் சேத்துப் பாத்தேன். நான் பாடுனா மேஸ்திரி அதட்டுத மாதிரி இருந்துச்சு. மூணு மணிச் சங்குலதான் வேலை முடிஞ்சிருக்கும். எம் பாட்டெல்லாம் வேலை முடிஞ்சு வெளிய வார பாட்டுல்லா."

"பொறவு எதுக்குலே மதுரைல கம்பிய முறுக்குன?"

"கேசட்டு வேணும்லா. எம்புட்டு வருசம்." முகத்தைத் துடைத்தான். "வேற ஆளு பாடட்டும்னு விட்டுரலாமான்னு பாக்கேன்."

எனக்குக் கோபம். கோபம் வந்தால் எனக்குக் கேலிதான் வரும். "விடு. அவன் தலைல ஒரு நரை இருக்காது. பஞ்சுப் பாட்டப் பாடிட்டு எதத் தட்டுவான்? பவுடரையா?"

கட்டிலை விட்டு இறங்கினான். பிறகு, "ஒன் வீட்டுல டேப்பு இருக்கால?"

ராத்திரி வீட்டுக்காரியிடம் கேட்டேன். "அண்ணன் பாட்டுக்குன்னா கொண்டு போங்க. நீங்க பாடுததுக்குன்னா தர மாட்டேன்."

மார்ச் 16, திங்கள்

டேப், புது பேட்டரி ஆறு, வெற்று கேசட் ஒன்று. சா. இரண்டு மணிக்கே பெஞ்சில். திட்டம்: முதலில் சங்கு, அதோடு கிடார், பிறகு பாட்டு, எல்லாம் ஒரே நாடாவில். ஆர்மோனியம் வேண்டாம். "புதன்கிழமை மதுரைல இதப் போடுதீயளான்னு கேப்பேன். மாட்டேன்னா நானே காப்பி எடுத்துக்கிடுதேன். பாட்ட மட்டும் குடுக்க மாட்டேன்" என்றான்.

இரண்டு நாற்பதுக்குக் கரண்டு போச்சு.

மூன்று மணிக்குக் கைமணி அடித்து ஷிப்டை விட்டார்கள். ஆட்கள் வெளியே வந்து நின்றுவிட்டார்கள். சங்கு இல்லை. சா. வெறுங்கம்பியைத் தடவிக்கொண்டு கூரையைப் பார்த்தான்.

வாயைத் திறந்தேன். ஊஊ என்று நானே ஊதினேன். மூச்சு முடிகிறவரை, மூன்று மணிக்கு ஊதுகிற மாதிரியே இழுத்து இறக்கினேன். கேட் முழுக்கச் சிரித்தது. சேத்தூர்ப் பெண் ஒருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சா. சிரிக்கவில்லை. கம்பியைத் திருகினான். "இன்னொரு தடவ" என்றான். ஊதினேன். டேப்பை அமுக்கினான்.

எட்டுப் பாட்டும் பாடினான். பஞ்சுப் பாட்டில் மூன்றாவது வரி உடையவில்லை. அந்த வரியில் தலையைத் தட்டினான். ஒருவரும் சிரிக்கவில்லை. பஸ் இரண்டு போச்சு.

நாலேகாலுக்குக் கரண்டு. நேரம் கெட்ட நேரத்தில் சங்கை ஒரு தடவை ஊதினேன். ஆபீசில் கேட்பார்கள், கேட்கட்டும். சா. என் ஊதலுக்குத் திருகிய தடிக்கம்பியை மட்டும் தட்டினான்.

சங்கோடு ஒட்டியது.