ஒற்றைக் கொம்பு

வில்லாபுரம், மதுரை
3 பிப்ரவரி 2025

அன்பு மாப்ள நல்லகாமனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். பெங்களூர்க் குளிரும் ஆபீஸும் உன்னை எப்படி வைத்திருக்கின்றன என்று எழுது.

என் கணினி விளையாட்டு 'நிழல் தெரு' ஒருவழியாக முடிந்தது. உனக்கென்று ஒரு பிரதியை இந்த மெயிலோடு அனுப்பியிருக்கிறேன். இணையக் கடையில் அடுத்த மாதம்தான் வரும். ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்து அப்படி என்ன செய்தான் என்று கேட்பாய். உச்சி வெயிலில் ஒரு தெரு. ஐஸ் கட்டியைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஒருவர் தெருக்கோடி ஜிகர்தண்டாக் கடைக்குப் போக வேண்டும். போய்ச் சேர்வதற்குள் ஐஸ் உருகிவிடக் கூடாது. சேலையைக் காயப்போடு, குடையை விரி, எருமையைக் குறுக்கே நிறுத்து, லாரியை நகர்த்து, மேகத்தைக்கூடப் பிடித்து இழு. எப்படி வேண்டுமானாலும் நிழல் பண்ணிக்கொள்ளலாம். இதுதான் விடை என்று ஒன்று கிடையாது. மொத்த விளையாட்டும் இரண்டு மணி நேரம்.

நிழல் எப்படி விழுகிறது என்று படம் பிடிக்கத் திருமங்கலம் பஸ் ஏறி உங்கள் ஊருக்கும் போயிருந்தேன். உன் அம்மா சோறு போட்டுவிட்டுக் கேட்டார்: "அம்புட்டுப் படிப்புப் படிச்சுப்புட்டு இப்புடி வெயில்ல நின்னு நெழலப் போட்டோ எடுக்குறியேப்பா, வீட்ல ஒண்ணும் சொல்ல மாட்டாகளா?" வீட்டில் சொல்வதை நான் அவரிடம் சொல்லவில்லை. அடுத்து, "எம்மகன் எப்ப வாரானாம்?" என்றார். உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அப்பா கொடுத்த ஒரு வருடக் கெடு சித்திரையோடு முடிகிறது. அதற்குப் பிறகு அக்கா வீட்டுக்காரர் பீமாராவ் அத்தானின் கம்பெனியில் சேர்ந்து புனேயில் உட்கார வேண்டும். சென்னை நிறுவனம் ஒன்று இதைப் போனுக்குக் கொண்டுவரலாம் என்கிறது. ஆனால் முதலில் கடைக்கு வரட்டும், ஜனங்கள் என்ன சொல்கிறார்கள் என்று மார்ச் கடைசியில் பார்த்துவிட்டு முடிவு செய்கிறோம் என்றுவிட்டார்கள். அது கிடைத்தால் அப்பா இன்னொரு வருடம் தருவார்.

நீ விளையாட்டுகளைப் பற்றி எழுதினால் பத்துப் பேர் படிக்கிறார்கள். பாராட்டி எழுது என்று நான் கேட்கவில்லை. எனக்கு மட்டும் உள்ளதைச் சொல். போன் செய்தால் சிரித்தே மழுப்பிவிடுவாய், அதனால்தான் எழுதச் சொல்கிறேன். எழுத்தில் நீ பொய் சொல்லி நான் பார்த்ததில்லை.

கடைசிப் பகுதியில் ஓர் ஆடு வரும். அதைப் பற்றி மறக்காமல் எழுது.

உன் மாப்ள,
சாய்குமார்


பெங்களூர்
15 பிப்ரவரி 2025

அன்பு சாய்,

பதில் தாமதமாகிவிட்டது, திட்டாதே. வேலை கழுத்தை நெரிக்கிறது.

விளையாடிவிட்டேன். அருமை மாப்ள. நிறம், இசை, அந்த எருமையின் முழி, எல்லாமே அருமை. குறை என்று சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. விற்பனைக்கு வருகிற அன்றைக்கே என் இணையப் பக்கத்தில் ஐந்துக்கு நாலரை போட்டு எழுதிவிடுகிறேன். தைரியமாக இரு.

அம்மாவைப் போய்ப் பார்த்ததற்கு நன்றி. நம்மூர்க் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு வரப் பார்க்கிறேன் என்று சொல்லு.

அவசரத்தில்,
நல்லகாமன்


வில்லாபுரம்
17 மார்ச் 2025

அன்பு மாப்ள,

நீ எழுதியதை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாலரை என்ற எண்ணை மட்டும் இரண்டு தடவை பார்த்தார். அவர் அந்த அளவுக்குச் செய்ததே பெரிய விஷயம்.

கருத்துகள் வந்தபடி இருக்கின்றன. அம்மா தினமும் காலையில் பால் பாக்கெட்டை எடுத்து வைத்த கையோடு, "இன்று எத்தனை?" என்று கேட்கிறார். எருமையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் போக்கினேன் என்று ஒரு கனடாக்காரர் எழுதியிருக்கிறார். இதில் ஜெயிப்பது எப்படி என்று இன்னொருவர் கேட்கிறார். சுடுவதற்கு ஒன்றுமில்லை என்று ஒருவர் திருப்பிக் கொடுத்தே விட்டார். கோரிப்பாளையத்துக்காரர் ஒருவர், "சாப்பாட்டுக்கு உட்கார்ந்தேன், மோருக்கு வருவதற்குள் எழுப்பிவிட்டார்கள்" என்று எழுதியதைப் படித்து நானே சிரித்துவிட்டேன். சின்னது என்று சொல்லாத ஆளில்லை. அது எனக்கும் தெரிந்ததுதான், தாங்கிக்கொண்டேன்.

நேற்று வந்ததைத்தான் தாங்க முடியவில்லை. 'வெயிலான்' என்ற பெயரில் ஒருவர். அப்படியே கீழே தருகிறேன்.

"வரைந்த கை நல்ல கை. ஆனால் இந்தத் தெருவில் யாரும் வாழவில்லை. எருமை நிறுத்திய இடத்தில் நிற்கிறது, கிழவர் உட்கார்த்திய இடத்தில் உட்கார்கிறார். யாரும் என்னை ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்கவில்லை. இரண்டு மணி நேரத்தில் முடிகிறதே என்பது குறையில்லை, இருபது நிமிடத்துக்கு இருந்த சரக்கை இரண்டு மணி நேரம் இழுத்ததுதான் குறை. உயிரோடு இருப்பது அந்த ஒற்றைக் கொம்பு ஆடு மட்டும். எங்கே நிறுத்தினாலும் நிற்காமல் லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. செய்தவருக்கு யார் மேலாவது பிரியம் உண்டு என்பது அந்த ஓர் இடத்தில்தான் தெரிகிறது. பரிந்துரைக்க மாட்டேன்."

எழுபது சதவீதத்துக்கு மேல் நல்ல கருத்து இருந்தால் கடைப்பக்கத்தில் நீல எழுத்தில் 'பெரும்பாலும் நல்லது' என்று காட்டும். நேற்று மாலை வரை நாற்பத்திரண்டில் முப்பது பேர் நல்லது என்றிருந்தார்கள். இவருடையது நாற்பத்து மூன்றாவது. இப்போது 'கலவை' என்று காட்டுகிறது. அம்மா காலையில் பார்த்துவிட்டு, நீலம் எங்கேடா போயிற்று என்று கேட்டார்.

விளையாட்டு விமர்சனம் எழுதுகிற வட்டத்து ஆட்களை நீ அறிவாய். இவர் யாராக இருக்கும் என்று நினைக்கிறாய்? இவர் சொல்வது சரியா? மனம் விட்டு எழுது மாப்ள. யாராக இருந்தாலும், என்ன சொன்னாலும் நான் கோபப்பட மாட்டேன். நிதானமாக யோசித்தே எழுது.

உன்,
சாய்குமார்


பெங்களூர்
21 மார்ச் 2025

அன்பு சாய்,

நீ இதற்கெல்லாம் மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. அந்த வெயிலான் யார் என்று எனக்குத் தெரியாது. இப்படி முகம் காட்டாமல் கல் எறிகிறவர்கள் இந்த வட்டத்தில் நிறைய. தன்னால் ஒன்று செய்ய முடியவில்லை என்ற எரிச்சலில் எழுதுவார்கள். பொறாமை, வேறொன்றுமில்லை.

அவர் சொன்னதில் ஒன்றிரண்டு சரியாகவும் இருக்கலாம். அது உனக்கே தெரிந்திருக்கும். இருந்தாலும் சொல்கிற விதம் என்று ஒன்று இருக்கிறது இல்லையா.

என் பக்கத்திலும் சென்ற வாரமே இரண்டு பேர் கிளம்பிவிட்டார்கள். உன்னை நம்பி வாங்கினோம், சிநேகிதனுக்குக் கொடி பிடித்திருக்கிறாயே என்று கேட்கிறார்கள். ஏழு வருடமாக எழுதுகிறேன், யாரும் என்னை இப்படிக் கேட்டதில்லை. அதை விடு.

சென்னைக்காரர்கள் சதவீதத்தை மட்டும் பார்க்க மாட்டார்கள். நல்லதே நடக்கும். பொங்கலுக்கு வர முடியவில்லை. சித்திரையில் பார்ப்போம்.

என்றும் உன்,
நல்லகாமன்


வில்லாபுரம்
2 ஏப்ரல் 2025

நல்லகாமனுக்கு,

உன் கடிதத்தை இத்தனை நாள் வைத்துக்கொண்டிருந்தேன். இன்னொன்று வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

விற்பனைக்கு வருமுன் ஐந்து பேருக்குப் பிரதி கொடுத்தேன். ஒவ்வொரு பிரதியிலும் அவரவருக்கென்று ஒன்றை வைத்துக் கொடுத்தேன், யாரிடமும் சொல்லவில்லை. ஸ்வப்னா அக்காவின் பிரதியில் கொடியில் காய்வது அவளுடைய கல்யாணச் சேலை. கண்டுபிடித்து புனேயிலிருந்து போன் போட்டு அழுதாள். கடைக்கு வந்த பிரதியில் அது சும்மா ஒரு பச்சைச் சேலை.

உன் பிரதியில்தான் ஆடு. கடையில் விற்கும் ஆட்டுக்கு இரண்டு கொம்பு, நிறுத்திய இடத்தில் நிற்கும், லாரிப் பக்கமே போகாது. ஒற்றைக் கொம்பு ஆட்டை இந்த உலகத்தில் நீ ஒருவன்தான் பார்த்திருக்கிறாய். நீ வேறு பெயரில் கடையில் வாங்கி ஆறு நிமிடம் திறந்து வைத்துவிட்டு எழுதியிருக்கிறாய். ஆறு நிமிடம் என்று கடைப்பக்கமே உன் கருத்துக்கு மேலே காட்டுகிறது. ஆடு வருவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

ஹாஸ்டலில் ஒரு நாள் நீ சொன்னாய். உங்கள் கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாய், ஒரு கொம்பு ஒடிந்தது. வெட்டுவதற்கு முதல் நாள் பத்து வயதுப் பையனாக நீ அதைக் கொண்டுபோய் லாரிக்கு அடியில் ஒளித்து வைத்தாய். அது அங்கே இருக்காமல் உன்னைத் தேடி வெளியே வந்துவிட்டது. "அங்ஙனயே படுத்திருந்தா பொழச்சிருக்கும்டா" என்று சொல்லிவிட்டு அழுதாய். அதனால்தான் என்னுடைய ஆடு எங்கே நிறுத்தினாலும் லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. எழுந்து வருவதே இல்லை. அதைச் செய்ய எனக்குப் பதினோரு நாள் ஆயிற்று.

நீ எழுதிய விமர்சனம் சரி. இத்தனை கருத்துகளில் என் வேலையை முழுசாகப் பார்த்தது அது ஒன்றுதான். பிப்ரவரியில் அதை எனக்கு எழுதியிருந்தால் மாற்றுவதற்கு ஒரு மாதம் இருந்தது. நான் கேட்டேன். அருமை என்றாய். ஊருக்கெல்லாம் உண்மை சொல்லிவிட்டு, மறுபடி கேட்டபோதும் தெரியாது என்று எழுதினாய். யார் என்று தெரிந்துகொண்டுதான் உன்னைக் கேட்டேன், நீயே சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன். எனக்கு அதுதான் வலிக்கிறது.

சென்னையிலிருந்து வேண்டாம் என்று பதில் வந்துவிட்டது. இனிச் சித்திரை வரை காத்திருந்து பயனில்லை. ஞாயிற்றுக்கிழமை புனே போகிறேன் என்று உன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். "அவன் ஏம்ப்பா பொங்கலுக்கு வரல?" என்றார். வேலை அதிகம் என்று சொல்லி வைத்தேன்.

நேற்று ஒரு திருத்தம் போட்டேன். காரணம் யாருக்கும் சொல்லவில்லை. இனி எல்லோருடைய பிரதியிலும் ஆட்டுக்கு ஒற்றைக் கொம்புதான். சொன்ன பேச்சைக் கேட்காது, லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். இன்று காலை இரண்டு பேர் அதைப் பற்றி நல்லவிதமாக எழுதியிருக்கிறார்கள்.

உன் பிரதியில் நான் எதையும் மாற்றவில்லை. ஆனால் உனக்கென்று தனியாக இனி அதில் ஒன்றும் இல்லை.

சாய்குமார்