வியாழக்கிழமை வரும் வண்டியைத் தள்ளிப்போடக் கோருதல்

அனுப்புநர்:
எல்டன் ஸ்வொபோடா,
ஓய்வுபெற்ற தபால்காரர்,
மரியாதை வேட்டு அணியின் ஆயுதப் பொறுப்பாளர்,
முன்னாள் படைவீரர் சங்கக் கிளை,
ஹாவ்லிக், நெப்ராஸ்கா.

பெறுநர்:
பொறுப்பு அலுவலர் அவர்கள்,
சடங்குத் துப்பாக்கி இரவல் பிரிவு.

பொருள்: எங்கள் அணியின் ஏழு எம்-1 ரைபிள்களைத் திரும்ப எடுக்கும் நடவடிக்கையைச் சில நாள் ஒத்திவைக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகக் கடிதம், நாள்: மார்ச் 1, 2019.

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர்,

கடிதத்தின் அடியில் உள்ள கையெழுத்தை என் மனைவியும் நானும் மாறி மாறிப் பார்த்தும் பெயர் விளங்கவில்லை. ஆகவே இரண்டு விதமாகவும் விளித்திருக்கிறேன். பிழையிருந்தால் பொறுத்தருள வேண்டும். வாழ்நாள் முழுதும் தபால் சுமந்தவன் இந்த மனுவை ஃபேக்ஸில் அனுப்புவதற்கும் காரணம் உண்டு. தபால் தங்களிடம் வந்து சேரும் முன் தங்கள் வண்டி எங்களிடம் வந்து சேர்ந்துவிடும்.

1. எங்கள் ஊரில் படையில் பணிபுரிந்த எவர் இறந்தாலும், கல்லறைத் தோட்டத்தில் வரிசையாக நின்று மூன்று முறை வேட்டு வைப்பது எங்கள் அணியின் வேலை. அதற்காக ராணுவம் இரவல் தந்தவை மேற்படி ஏழு ரைபிள்கள். வெற்றுத் தோட்டாக்களையும் தாங்களே அனுப்பிவருகிறீர்கள். அதற்கு எங்கள் நன்றி என்றும் உண்டு.

2. ரைபிள்களில் அனுமதியின்றி மாற்றம் செய்யப்பட்டுள்ளதாகவும், ஆகவே அத்தனையையும் எடுத்துச் செல்ல மார்ச் 14, வியாழக்கிழமை பிற்பகல் வண்டி வரும் என்றும் தங்கள் கடிதம் தெரிவிக்கிறது. மாற்றம் செய்தது நான்தான். இதைத் தாங்கள் துப்பறிந்து கண்டுபிடிக்கவில்லை, நானாகவே தெரிவித்தேன். தேய்ந்த பாகங்களைக் கழற்றியபோது, இவை அரசாங்கச் சொத்து, குப்பையில் போடுவது முறையல்ல என்று பட்டது. ஒவ்வொன்றையும் துடைத்து, எந்த ரைபிளிலிருந்து எடுத்தது என்று சீட்டு கட்டி, காபி டப்பாவில் அடைத்து, என் செலவில் பதிவுத் தபாலில் தங்களுக்கு அனுப்பிவைத்தேன். நன்றி தெரிவித்து ஓர் அட்டை வரும் என்று எதிர்பார்த்தேன். அந்த டப்பாவையே என்மீதான சாட்சியாக்கிவிட்டீர்கள்.

3. மாற்றிப் பூட்டிய பாகங்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து வந்தன. எனக்கென்று ஒரு எம்-1 வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. முழுதாக வாங்கினால் விலை அதிகம், உதிரியாக வாங்கி நாமே பூட்டினால் பாதிதான் ஆகும் என்று ஒரு விலைப்பட்டியலில் படித்தேன். சட்டத்தின் கண்ணில் எண் பொறித்த நடுப்பகுதிதான் துப்பாக்கி. மற்றதெல்லாம் வெறும் இரும்பும் மரமும். அந்த நடுப்பகுதியைக் கடையில் முறைப்படி கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டு, பாதி வேலை முடிந்தது என்ற மிதப்பில் வீடு திரும்பினேன்.

4. அந்தப் பட்டியலில் போடாத செலவுகளை இங்கே சொல்கிறேன். நஷ்டஈடு கேட்பதற்காக அல்ல. தங்கள் ரைபிள்களின் வயிற்றுக்குள் இப்போது என்ன இருக்கிறது என்பது தங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. குழலைப் பூட்ட ஒரு கருவி வேண்டும். அது குழலைவிட விலை அதிகம், ஆயுளில் ஒரே ஒரு முறைதான் பயன்படும். பூட்டியது சரியா என்று பார்க்க இன்னொரு கருவி. சரியில்லை என்று அது சொன்னதும் வேறு குழல். ரைபிளின் மரக்கட்டை ஒரு காலத்தில் கிரேக்க நாட்டுக்கு ராணுவ உதவியாகப் போய்த் திரும்பியது. அந்த ஊர் மசகு முழுவதையும் குடித்துவிட்டு வந்திருந்தது. அதைக் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, ஆகஸ்ட் வெயிலில் பூட்டிய காருக்குள் வைத்தால் மசகு உருகி வழியும் என்றார்கள். உருகி வழிந்தது, என் மனைவி மார்சீன் உட்காரும் இருக்கையில். அடுத்த ஞாயிறு தேவாலயத்தில் அவள் அமர்ந்த வரிசையில் வேறு யாரும் அமரவில்லை. இரும்புக்குப் பூசிய பூச்சைச் சூட்டில் இறுக்க வேண்டியிருந்ததால் சமையலறை அடுப்புக்குள் வைத்தேன். அந்த ஆண்டு நன்றி கூறும் நாள் விருந்து வான்கோழிக்கு என்ன ருசி இருந்தது என்பதை என் மைத்துனர்கள் இன்றுவரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நான்கு ஆண்டுகளாக எங்கள் சாப்பாட்டு மேசையில் சாப்பாடு இல்லை. அடுப்படியில் நின்றபடியே தட்டைக் காலி செய்கிறோம். "பாதி விலைக்குன்னுதானே ஆரம்பிச்சீங்க? இப்ப எந்தப் பாதியில இருக்கீங்க?" என்று மார்சீன் கேட்டாள்.

5. இதற்கிடையில் தங்கள் ரைபிள்கள் ஒவ்வொன்றாக மக்கர் செய்யத் தொடங்கின. அவை எங்கள் எல்லோரையும்விட வயதில் மூத்தவை, குறை சொல்லவில்லை. ஆனால் ஓர் அடக்கத்தில் ஏழு பேர் விசையை அழுத்த, நான்கு வெடிகள்தான் கேட்டன. இறந்தவரின் மனைவி எங்களை நிமிர்ந்து பார்த்தார். பாகங்கள் கேட்டு இரண்டு முறை விண்ணப்பித்தோம். எங்கள் கோரிக்கை வரிசையில் இருப்பதாகப் பதில் வந்தது. இறந்தவர்களை வரிசையில் நிறுத்திவைக்கும் வழி எங்களுக்குத் தெரியவில்லை.

6. அப்போதுதான் அணித் தலைவர் வெர்லின் டிராப் என் வீட்டுக்கு வந்து, மேசையை ஒரு நோட்டம் விட்டு, "டேய் எல்டன், இந்த ஸ்பிரிங் எல்லாம் இங்க உக்காந்து என்ன தவமா பண்ணுது?" என்று கேட்டார். அன்று ஒரு ஸ்பிரிங் போயிற்று. பனிக்கட்டியில் விழுந்து ஒரு ரைபிளின் கட்டை பிளந்தபோது கிரேக்கக் கட்டை போயிற்று. பிறகு துப்பாக்கிக் குதிரை, பிறகு உள்ளே ஓடும் தண்டு, கடைசியில் குழல். போகப்போக என் ரைபிள் தங்கள் ரைபிள்களுக்குள் குடியேறிவிட்டது. ஏழும் வெடித்தன. இப்போது என் மேசையில் எண் பொறித்த நடுப்பகுதி மட்டும் கிடக்கிறது. சட்டப்படி என் வீட்டில் ஒரு துப்பாக்கி இருக்கிறது. சுடத்தான் முடியாது. அதுபற்றி எனக்கு வருத்தமும் இல்லை. விதியை மீறினாய் என்று என்னைத் தண்டித்தால் ஏற்றுக்கொள்வேன்.

7. என் மனக்குறை வேறு. மேற்படி வெர்லின் டிராப் வியட்நாமில் காலாட்படையில் போரிட்டவர். ஊர் திரும்பியபின் கோதுமைக் கிடங்கில் வேலை பார்த்து, அந்தத் தூசியில் நுரையீரலைத் தொலைத்தவர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எங்கள் அணிக்கு ஆணை கொடுத்துவந்தார். பனிப்புயலிலும் நின்றார். ஊரில் யாருக்கும் பிடிக்காத ஒரு மனிதரின் அடக்கத்துக்கு நாங்கள் தயங்கியபோது, "அவன் கெட்டவன்னு ராணுவம் அவனைத் திருப்பி அனுப்பிச்சா? அப்புறம் நமக்கென்ன? கோட்டை மாட்டுங்கடா" என்றார். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் கொடி நட்ட சமாதிகளில் பாதிக்கு மேல் அவர் ஆணையில் வேட்டு வைத்தவை. இப்போது அவர் ஊர் முதியோர் இல்லத்தில் மூக்கில் குழாயுடன் படுத்திருக்கிறார். சில வாரங்கள் இருக்கலாம் என்கிறார் மருத்துவர்.

8. மாற்று ஏற்பாடு ஏதும் பார்க்கவில்லையா என்று தாங்கள் கேட்கக்கூடும். பக்கத்து ஊர் அணியில் மூன்று பேர்தான் மிச்சம். அதில் ஒருவருக்கு இடுப்பு எலும்பு முறிவு. எங்கள் அணியிலுள்ள ரோலி, ஒலிபெருக்கியில் வேட்டுச் சத்தத்தைப் போட்டுவிடலாம் என்றான். வேட்டைத் துப்பாக்கிகளால் சுடலாம் என்றும் அவனே சொன்னான். அதை வெர்லினின் காதுபடவே சொன்னான். "ஏன்டா, என்னை அடக்கம் பண்ணப் போறீங்களா, மான் அடிக்கப் போறீங்களா?" என்று அவர் கேட்டார். சிரித்ததில் இருமல் வந்து, தாதி எங்களை வெளியே அனுப்பிவிட்டாள்.

9. இனி எழுதுவதை எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். வண்டி வரும் செய்தியை அவரிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்திருந்தோம். ரோலி சொல்லிவிட்டான். சனிக்கிழமை நான் போனபோது வெர்லின் தெளிவாக இருந்தார். "வண்டி என்னைக்குடா வருது?" என்று கேட்டார். வியாழக்கிழமை மதியம் என்றேன். "அப்ப செவ்வாய்க்குள்ள நான் முடிச்சுக்கிட்டா, வியாழன் காலையில அடக்கம் வெச்சிரலாம்ல? சுட்டு முடிச்சு, சூடு ஆறுறதுக்குள்ள வண்டியில ஏத்திரலாம். குழி வெட்டுற கெல்வின்கிட்ட இப்பவே சொல்லி வை, தரை உறைஞ்சு கெடக்கு" என்றார். வழக்கமான கேலி என்று நினைத்து நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை என்பதை வெளியே வந்து காரில் ஏறிய பிறகுதான் உணர்ந்தேன்.

10. அன்று மாலை முதல் அவர் சாப்பிடவில்லை. தண்ணீரும் ஒரு மிடறுக்கு மேல் இறங்கவில்லை. கரண்டியைக் கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொள்கிறார். நேற்று அவர் மகள் ஜோலின், அவருக்கு மிகவும் பிடித்த பிளம் பழக் கொலாச்சி ரொட்டியைப் பிட்டு வாயருகே வைத்தபோதும் தலையைத் திருப்பிக்கொண்டார். அவள் அங்கிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, கதவிலேயே நின்று, "எல்டன் மாமா, எங்கப்பாகிட்ட என்ன சொன்னீங்க? அவருக்கு என்ன அவசரம்?" என்று அழுதாள். மார்சீன் அவளை உள்ளே அழைத்துப்போனாள். நான் கொட்டகைக்குப் போய்விட்டேன். வரும் சனிக்கிழமை அவளுடைய மகன் கலிபோர்னியாவிலிருந்து தாத்தாவைப் பார்க்க வருகிறான். வெர்லின் அதற்குக்கூடக் காத்திருக்க மறுக்கிறார்.

11. ஆகவே கீழ்க்காணுமாறு வேண்டுகிறேன். முதலாவதாக, வெர்லின் டிராப் அவர்களின் அடக்கம் முடியும்வரை ரைபிள்களை எங்களிடமே விட்டுவைக்க வேண்டும். வண்டி ஏற்பாடாகிவிட்டது, தனியாருக்கு ஒப்பந்தம், மாற்ற இயலாது என்று தங்கள் அலுவலகத் தொலைபேசியில் ஒரு பெண்மணி ஏற்கெனவே கனிவாகச் சொல்லிவிட்டார். அவர் மீது குறையில்லை. இரண்டாவதாக, அது இயலாவிட்டால் மூன்று ரைபிள்களையாவது விட்டுச் செல்லலாம்; மூன்று இருந்தால் வேட்டு வைக்க முடியும். பகுதியாக ஒப்படைக்க விதியில் இடமில்லை என்றும் அதே பெண்மணி சொன்னார்.

12. இந்த இரண்டும் நடக்காது என்று எனக்குத் தெரியும். அரசாங்க வேலையில் இருந்தவன். எது நகரும், எது நகராது என்று தெரியும். எனவே மூன்றாவதாக ஒன்று மட்டும் கேட்கிறேன். தங்கள் அலுவலக முத்திரை பதித்த தாளில், "ரைபிள்கள் மறு உத்தரவு வரை ஹாவ்லிக் அணியிடமே இருக்கும்" என்று ஒரே ஒரு வரி எழுதி, இன்றே ஃபேக்ஸில் அனுப்பிவைக்க வேண்டும். அது உண்மையாக இருக்க வேண்டியதில்லை. நான் பொய் சொன்னால் வெர்லின் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். அரசாங்கத் தாளில் இருப்பதை நம்புவார்; பதினெட்டு வயதில் அப்படி ஒரு தாளை நம்பித்தான் அவ்வளவு தூரம் போனார். அவரிடம் காட்டிவிட்டு அதை அடுப்பில் போட்டுவிடுகிறேன். வேறெவருக்கும் காட்ட மாட்டேன். நீதிமன்றத்துக்கும் போக மாட்டேன். வியாழக்கிழமை பிற்பகல் ரைபிள்கள் துடைத்து, எண்ணெய் போட்டு, பெட்டியில் தயாராக இருக்கும். தங்கள் ஆட்கள் எடுத்துப் போகலாம். வெர்லினுக்கு வேட்டு கிடைக்காது, அது முடிந்த கதை. ஆனால் அது தெரியாமல் அவர் ஒரு வாய் சாப்பிடட்டும்.

எங்கள் ஃபேக்ஸ் எண்ணை முகப்புத் தாளில் எழுதியுள்ளேன். இயந்திரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

நாள்: மார்ச் 11, 2019, திங்கட்கிழமை காலை
இடம்: ஹாவ்லிக், நெப்ராஸ்கா

தங்கள் பதிலை எதிர்பார்த்து,
எல்டன் ஸ்வொபோடா
(கையொப்பம்)