வலது ஓரத்திலிருந்து தொடங்கும் போர்வை

ஜனவரி 2, வெள்ளி

பனி. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரியவில்லை. மேலே உள்ள தேதியைக் காலண்டர் பார்த்து எழுதினேன். பார்த்து எழுதியது அது ஒன்றுதான். இனி வருவதெல்லாம் சொந்த எழுத்து.

எழுத உட்கார்ந்தபோது பால்காரன் வந்தான். இப்போது வெயில் படி ஏறிவிட்டது. மோசமில்லை.

பட்டம்மா என்று முழுதாக எழுதினால் கை நோகிறது. இனி ப. என்றால் பட்டம்மா, என் மனைவி. (யாருக்கு விளக்கம் சொல்கிறேன்? இதைப் படிக்கப் போவது நான் ஒருவன்தான்.)

ப. காலையில் நாலைந்து ஸ்பூன் கஞ்சி. இருமல். நிறுத்திவிட்டேன்.

ஆடி மாதம் பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் ஒரே காலையில் போயின. தலை ஒரு பக்கமாகத் துவண்டு ஆடிக்கொண்டே இருக்கும். கேட்டதற்கு ஆமாவா இல்லையா என்பதுகூடத் தெரியாது. இடது கை மட்டும் மிச்சம். ப. ஐந்தாவது வரை தமிழ்ப் பள்ளிக்கூடம் போனவள். நான் பள்ளிக்கூடத்துக்குள் போனதெல்லாம் மொசைக் தரைக்குப் பாலிஷ் போட. வாய் போனால் என்ன, அவள் எழுதட்டும், நான் படிக்கிறேன் என்றுதான் தமிழ்ச் சங்கத்து ஹாலில் ஸ்டெல்லா டீச்சரிடம் போய் உட்கார்ந்தேன். எழுபது தாண்டிய பிறகு.

இப்போது எல்லாம் படிக்கிறேன். தீப்பெட்டி, ஊதுபத்தி அட்டை, காலண்டர், ராசிபலன். அவள் எழுதுவதைத் தவிர எல்லாம்.

இன்றும் சிலேட்டைக் கொடுத்தேன். எழுதினாள். பார்த்தேன். தூண்டில் முள் மாதிரி கொக்கி, கொக்கியாக. அப்படி ஓர் எழுத்து தமிழில் கிடையாது. "தெரியலையே பட்டு" என்றேன். துடைத்துவிட்டாள்.

ஜனவரி 4, ஞாயிறு

நல்ல வெயில். ப.வைச் சன்னல் பக்கம் திருப்பிப் படுக்க வைத்தேன்.

பெங்களூரில் தமிழ் படிக்கக் கற்றவன் கதியைக் கேட்க வேண்டாம். போர்டெல்லாம் கன்னடம், இங்கிலீஷ். எங்கள் தெருவில் தமிழில் இருப்பது சுவரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி மட்டும். ஆகவே செத்தவர்களைப் படிக்கிறேன். இன்று இரண்டு பேர். ஒருவர் பெயரில் ழ இருந்தது. ஒரே மூச்சில் படித்தேன். சந்தோஷம். பிறகு வருத்தம். தெரிந்தவர்.

டீக்கடையில் தமிழ்ப் பேப்பர். விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் பாஷா:

"இன்னா தாத்தா, பேப்பர் படிக்கிறியா, எறும்பு நசுக்குறியா?"

"படிக்கிறேன்பா."

"படி, படி. நீ முடிக்கங்காட்டியும் நாளைப் பேப்பர் வந்துரும்."

வகுப்பு முடிந்து டீச்சரை வீட்டுக்கு அழைத்து வந்தேன். ப. எழுதியதைக் காட்டினேன். சிலேட்டை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

"தாத்தா, இது எழுத்து இல்ல. கை போன போக்குல கோடு. நீங்க கத்துக்கிட்டதுல ஒரு கொறையும் இல்ல. படிக்கறதுக்கு அங்க ஒண்ணும் இல்ல, அவ்ளோதான். மனச தேத்திக்கங்க."

ஆறுதலாகத்தான் சொன்னார். என் படிப்பில் குறையில்லை. படிக்க ஒன்றுமில்லை. இரண்டில் எது மேல்?

ப. டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் போன பிறகு வாசலை.

ஜனவரி 6, செவ்வாய்

கரண்ட் இல்லை. வெளிச்சம் இருக்கும்போதே போர்வை வேலை.

இது ப. தொடங்கியது. வைட்ஃபீல்டில் அவள் சமையல் வேலை பார்த்த வீட்டு அம்மா, குரோஷா ஊசியில் கிறிஸ்மஸ் போர்வை பின்னினார்களாம். மரமும் மணியுமாக. இவளுக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். "அவங்களுக்கு மரம்னா நமக்குக் கரும்பு" என்று கட்டம் போட்ட தாளில் இவளே படம் குறித்தாள். கீழே புள்ளிக் கோலம், அதன் மேல் கரும்பு, பொங்கல் பானை, சூரியன். மகள் கமலா ராத்திரி வேலை முடிந்து விடிகாலைக் குளிரில் வருகிறாள், அவளுக்குப் பொங்கலுக்குக் கொடுக்க. இந்தப் பின்னலுக்குப் பெயர் மொசைக் என்றாள்.

"நான் போட்ட தரையா?" என்றேன்.

"உன் தரைய எவன் போத்திக்குவான்?" என்றாள். அப்போது பேச்சு இருந்தது.

கரும்பு பாதியில் நின்றுபோனது. நான் எடுத்துக்கொண்டேன். ஒரு வரிசை மஞ்சள், அடுத்த வரிசை அரக்குச் சிவப்பு. எல்லா வரிசையும் வலது ஓரத்தில் தொடங்கி இடது ஓரத்தில் முடியும். அங்கே நூலை வெட்டிவிட்டு மறுபடியும் வலது ஓரம். போர்வையைத் திருப்பவே கூடாது. தாளில் பெருக்கல் குறி வந்தால் ஊசியைக் கீழே விட்டு, அதே நிறத்துப் பழைய வரிசையிலிருந்து நூலை நீளமாக மேலே இழுக்க வேண்டும். நடுவில் இருக்கும் வேற்று நிறம் அதற்கு அடியில் மறைந்துவிடும். அப்படி மறைத்து மறைத்துத்தான் கரும்பு முளைக்கிறது. வெட்டிய நூல் நுனியெல்லாம் இரண்டு பக்கமும் குஞ்சமாகத் தொங்கும்.

தாளில் விரல் வைத்து, டீச்சர் சொன்ன மாதிரி இடது ஓரத்திலிருந்து, கட்டம் கட்டமாகப் படித்துக்கொண்டே பின்னுகிறேன். கரும்பு, பானை, சூரியன் எல்லாம் நல்லபடி வந்துவிட்டன. என் கண்ணி அவளுடையதைவிட இறுக்கம். பாலிஷ் மெஷின் பிடித்த கை.

மேலே கொஞ்சம் இடம் மிச்சம். மொசைக் தரையில் வாசலுக்கு நேராக வீட்டுக்காரர் பெயரைப் பதிப்பது உண்டு. மேஸ்திரி எழுதிக் காட்டுவார், நான் பதிப்பேன். எத்தனையோ பெயர். ஒன்றையும் படித்ததில்லை. இந்தப் போர்வையில் ப.வின் பெயர். தாளில் நானே குறித்துவிட்டேன். ப, ட, ம: டீச்சர் முதல் நாள் சொல்லித் தந்த எழுத்துகள். கோடு கோடாகக் கட்டத்துக்குள் அடங்குபவை. மாமனார் ரோஜா என்று பெயர் வைத்திருந்தால் என் கதி?

ஜனவரி 8, வியாழன்

ப.வுக்கு மறுபடியும் காய்ச்சல்.

கமலா வேலைக்குக் கிளம்பும்போது சொன்னாள். பொங்கல் கழிந்த சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் பெட் கிடைத்திருக்கிறது. வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைப்பார்கள். இனிமேல் சாப்பாடு அதில்தான்.

"அம்மாவ கேக்க வேணாவா?" என்றேன்.

"யார கேக்குறது நைனா? அது என்ன சொல்லுது, நீ என்ன புரிஞ்சுக்குற? முழுங்கறதுல பாதி நெஞ்சுக்குள்ள போவுதாம். அதான் ஜொரம். பட்டினி போட்டு சாவடிக்கச் சொல்றியா?"

"போன தடவ மூக்குல குழாய் வெச்சு, கைய கட்டிலோட கட்டி..."

"புடுங்குச்சு, கட்னாங்க. வேற என்னா பண்ணுவாங்க? சும்மா பேஜார் பண்ணாத நைனா."

அவள் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. கேப் வந்து ஹாரன் அடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் ஏறினாள்.

ப. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சிலேட்டுக்குக் கை நீட்டினாள். அதே கொக்கிகள். சரி என்பதோ வேண்டாம் என்பதோ அதற்குள் இருக்கிறது. என்னால் எடுக்க முடியவில்லை. டீச்சர் சொன்னபடி அதற்குள் ஒன்றுமே இல்லையோ என்னவோ.

ஜனவரி 10, சனி

மேகம். வாங்க வேண்டியவை:

பச்சரிசி
வெல்லம்
மஞ்சள் கொத்து
கரும்பு (ஒன்று போதும். கடிக்க யாருக்குப் பல் இருக்கிறது)
சிவப்பு நூல், ஒரு உருண்டை
ப.வுக்கு ரப்பர் ஷீட்

சீட்டைக் கையில் வைத்துப் படித்துப் படித்து வாங்கினேன். கரும்பைப் பிடித்துக்கொண்டு 'கரும்பு' என்று படித்தேன். கடைக்காரி சிரித்தாள். சிரிக்கட்டும். ரப்பர் ஷீட்டை விட்டுவிட்டேன். எழுதியிருந்தது. கடைசி வரியைப் படிக்க மறந்தேன்.

பெயர் பாதி ஏறிவிட்டது. ப.வின் கட்டிலோரம் உட்கார்ந்துதான் பின்னுகிறேன். ஒவ்வொரு வரிசைக்கும் தாளில் விரல் வைத்த உடனே ப. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறாள். விட மாட்டேன் என்கிறாள். கல்யாணமான புதிதில்கூட இப்படிப் பிடித்ததில்லை. "அட, விடு பட்டு, வேலை இருக்கு" என்றேன். வெட்கமாக இருந்தது.

கஞ்சி இரண்டு ஸ்பூன்.

ஜனவரி 12, திங்கள்

முடிந்தது. கொடியில் விரித்துப் போட்டுத் தள்ளி நின்று பார்த்தேன்.

ட இரண்டும் திரும்பி நிற்கின்றன. கடைசியில் வர வேண்டிய கால் முதலில் நிற்கிறது. ப மட்டும் தன் முகம் மாறாமல், போக வேண்டிய இடம் மாறி, ஓரத்தில்.

நெடுநேரம் உட்கார்ந்து யோசித்தேன். ஊசி வலமிருந்து இடம் போகிறது. தாளையும் வலமிருந்துதான் படித்திருக்க வேண்டும். நான் புதிதாகப் படித்தவன். தாள் என்றால் இடப்பக்கம்தான் தொடக்கம் என்று நினைத்தேன். படிக்கவே தெரியாதவனாக இருந்தால் இந்தத் தப்பு வந்திருக்காது. கரும்புக்கும் பானைக்கும் சூரியனுக்கும் இரண்டு பக்கமும் ஒன்று. அவை காட்டிக் கொடுக்கவில்லை. பெயர் காட்டிக் கொடுத்துவிட்டது.

ப. அதற்காகத்தான் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறாள். நான் ஆசை என்று நினைத்தேன்.

பிரிக்கவும் வழியில்லை. வரிசைக்கு வரிசை வெட்டிய நூல். பிரித்தால் துண்டு துண்டாக வரும்.

கமலா எழுந்து வந்து பார்த்தாள். "சூப்பரா கீது நைனா."

"பேரு திரும்பிப் போச்சும்மா."

"எனக்கு எப்டி இருந்தாலும் ஒண்ணுதான்."

கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். தமிழ் பேசுவாள். ஓர் எழுத்து தெரியாது.

எழுதக் கற்றுப் பெண்டாட்டி பெயரைத் தப்பாக எழுதியதுதான் நான் கண்ட பலன். இன்று வேறு ஒன்றும் எழுதப் பிடிக்கவில்லை.

ஜனவரி 13, செவ்வாய்

மெதுவாக எழுதுகிறேன். எதையும் விட்டுவிடக் கூடாது.

காலையில் போர்வையை மடிக்க எடுத்தேன். எதிரே பீரோ. பீரோக் கண்ணாடியில் பார்த்தால், பட்டம்மா! நேராக, தரையில் பதித்த மாதிரி. "பட்டு, அங்க பாரு, கண்ணாடில பாரு" என்று தூக்கிப் பிடித்தேன். பார்த்தாள். சிரித்தாள். பாதி வாயால். ஆடிக்குப் பிறகு இதுதான் முதல் சிரிப்பு. உடனே சிலேட்டுக்குக் கை நீட்டினாள்.

எப்போதும் அவள் எழுதி முடித்த பிறகுதான் பார்ப்பேன். இன்று எழுதும்போதே பார்த்தேன். வலது ஓரத்தில் தொடங்கி இடது பக்கமாகப் போனாள். கொக்கி, கொக்கி. சிலேட்டைப் பார்த்தேன். போர்வையைப் பார்த்தேன். அது கொக்கி இல்லை. திரும்பி நிற்கும் ட.

சிலேட்டைக் கண்ணாடிக்குக் காட்டினேன்.

ப. ட். ட.

"உன் பேரு!" என்று கத்தினேன். "பட்டம்மா! உன் பேரத்தான் எழுதிக்கினு இருந்தியா!"

நகத்தால் சிலேட்டைத் தட்டினாள். மேலே படி என்று.

அடுத்த எழுத்து ம இல்லை. து. பட்டது.

பிறகு இரட்டைக் கொம்பு, ப, கால். போ. து. ம்.

படித்துவிட்டேன். யாரும் சொல்லித் தராமல் முழுதாகப் படித்துவிட்டேன். சந்தோஷத்தில் இன்னொரு முறை சத்தமாகப் படித்தேன். அப்போதுதான் நான் சொல்வது என் காதில் விழுந்தது.

பட்டது போதும்.

"ஆஸ்பத்திரி வேணாமா பட்டு?"

துடைத்தாள். மறுபடியும் எழுதினாள். கண்ணாடியில் அதே இரண்டு சொல். பலப்பத்தைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடினாள். மத்தியானம் வரை அசங்காமல் தூங்கினாள்.

டாக்டரும் முன்பே சிலேட்டைப் பார்த்தவர்தான். கிறுக்கல் என்றார். கன்னடக்காரர், அவருக்குத் தமிழ் நேராக இருந்தாலும் கிறுக்கல்தான். டீச்சரையும் குறை சொல்ல முடியாது. அவர் ஒழுங்காகப் படித்தவர்.

இத்தனை மாதம் தினமும் சொல்லியிருக்கிறாள். தினமும் "தெரியலையே" என்றிருக்கிறேன்.

ஜனவரி 14, புதன். போகி

புகை. தெருவில் பழைய பாய், டயர், எல்லாம் எரிகிறது. ப.வுக்கு இருமல். சன்னலைச் சாத்தினேன். குஞ்சத்தை முடிச்சுப் போடவில்லை. அப்படியே போர்வையை அவள்மேல் போட்டேன். கமலாவுக்கென்று பின்னியது. குளிர் இவளுக்கல்லவா.

கமலா வேலையிலிருந்து வந்ததும் ஆஸ்பத்திரிப் பையை எடுத்து அடுக்கத் தொடங்கினாள். துண்டு, நைட்டி, பிளாஸ்க். "உங்கம்மா எழுதறத படிச்சுட்டேன்" என்றேன்.

"போ நைனா. தூக்கம் வருது எனக்கு."

ப. சிலேட்டு கேட்டாள். எழுதினாள். அதே இரண்டு சொல். கமலாவைத் தோளைப் பிடித்து அழைத்துப் போய்ப் பீரோ முன் நிறுத்தி, சிலேட்டைக் கண்ணாடிக்குக் காட்டினேன்.

"இது தமிழா?"

"தமிழ்தான்."

"எனக்குத் தமிழ் எழுத்து ஏது நைனா? கன்னட மீடியத்துல சேத்து வுட்டுட்டு. நீயே படி. என்னா எழுதிக்குது?"

என் ஆயுளில் படிக்கத் தெரியாத ஒருவர் தனக்காக என்னைப் படிக்கச் சொன்னது இதுதான் முதல் தடவை.

பட்டம்மா என்று எழுதியிருக்கிறாள் என்றால் கமலா நம்பிவிடுவாள். பொங்கலோ பொங்கல் என்றாலும் நம்புவாள். சனிக்கிழமை ஆஸ்பத்திரி, குழாய். ப. இன்னும் கொஞ்ச நாள் என் பக்கத்தில் இருப்பாள். இந்த வீட்டில் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். இன்னொருத்திக்கு வாய் இல்லை. கட்டிலிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படித்தேன்.

"ஒழுங்கா படி. நீ எழுத்துக் கூட்டித் தப்பா படிப்ப."

ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் படித்தேன். கமலா கட்டிலருகே தரையில் உட்கார்ந்தாள். ப.வின் இடது கை அவள் தலைமேல் வந்து விழுந்தது. கமலா பையிலிருந்து துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தாள். அதைத் திரும்பப் பையில் வைக்கவில்லை.

"இன்னொரு தடவ படி நைனா" என்றாள்.

படித்தேன்.