எலும்பில்லாத சூப்

ஹாங்காங்

அன்புள்ள அம்மாவுக்கு,

ஆண்டவர் அருளால் நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மேலூருக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே போகாதீர்கள்.

"எம்புட்டு நாளைக்குத்தான் பிரட்டைத் தின்னுக்கிட்டு இருப்பே?" என்று கேட்டீர்களே, இப்போது தினமும் சோறும் சூப்பும்தான். இந்த ஊர் சூப்புக்குப் புளியும் வேண்டாம், தாளிப்பும் வேண்டாம். பன்றி எலும்போடு கேரட்டும் சோளமும் போட்டுச் சிறு தீயில் விட்டால் ருசி தானாக இறங்கிவிடும். நான் நன்றாகவே வைக்கிறேன்.

தவக்காலத்தில் நாம் கவுச்சி தொடமாட்டோமே, அதனால் போன வாரம் எலும்பை விட்டுவிட்டுத் தாமரைக் கிழங்கும் வேர்க்கடலையும் போட்டேன். எதிர் வீட்டு லாம் அக்காவுக்கும் ஒரு டப்பாவில் கொடுத்தேன். மறுநாள் என் கதவில் ஒரு பை எலும்பு தொங்கியது. போய்க் கேட்டால், "எலும்பு வாங்க முடியலைன்னா என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?" என்று கோபித்துக்கொண்டார். விரதத்தை விளக்கிச் சொன்ன பிறகுதான் சிரித்தார்.

எலும்பு ஃப்ரீசரில் இருக்கிறது. ஈஸ்டருக்கு அதில் சூப் வைத்து, அவரைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன்.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. பொடி எதுவும் அனுப்ப வேண்டாம். வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் மட்டும் அனுப்புங்கள். வந்த நாளிலிருந்து எனக்கு ஒன்றே போதுமாக இருந்தது.

உங்கள் மகள்,
ஆன்சி