குறிப்பில் விடுபட்ட பெயர்

செவ்வாய்க்கிழமை, விஷ்ராந்த்வாடி

இன்றைய கூட்டத்தை நினைத்தால் தூக்கம் வரவில்லை. தாலுகா மருத்துவமனையில் டயாலிசிஸை மாலையிலும் நடத்தினால் கூலி வேலைக்குப் போகிறவர்களுக்குப் பகல் வேலை கெடாது. இது எதிர்க்கட்சி எம்.எல்.ஏ.வின் யோசனை. சுகாதார அலுவலகத்தில் இதற்கான குறிப்பைத் தயாரித்தவள் நான். ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. தலைமையில் கூட்டம் என்றதும், எதிர்க்கட்சிக்காரரின் பெயரைக் குறிப்பிலிருந்து நானாகவே எடுத்துவிட்டேன்.

ஆளுங்கட்சிக்காரர் குறிப்பைப் படித்துவிட்டு நிமிர்ந்து, எதிரே உட்கார்ந்திருந்த எதிர்க்கட்சிக்காரரைக் காட்டினார். "இது இவரோட யோசனையாச்சே, பேரைக் காணோமே?" என்று மராத்தியில் கேட்டார். அவரே பேனாவை எடுத்து அந்தப் பெயரை எழுதினார். இருவரும் சேர்ந்தே அமைச்சரைப் பார்த்து அனுமதி கேட்பதாக முடிவானது.

வெளியே வந்ததும் எதிர்க்கட்சிக்காரர் என்னருகே நின்றார்.

"பரவாயில்ல மேடம். மேலேருந்து சொல்லியிருப்பாங்க. நீங்க என்ன பண்ணுவீங்க?"

நான் தலையாட்டினேன்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். "அதான் காரியம் நடந்துடுச்சுல்ல, விடு" என்றார்.

நடந்துவிட்டது, சந்தோஷம்தான். ஆனால் மேலிருந்து எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. அதை அந்த மனிதரிடம் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.