ஓடைக்கரைப் பதிவின் பின்பாதி

அன்புள்ள மச்சானுக்கு,

நான் நலம். நீயும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அக்காவின் அடக்கத்துக்கு வர முடியவில்லையே என்று இனியும் மறுகாதே. விமானம் கிளம்பாததற்கு நீ என்ன செய்வாய்? நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், ஆய்வு நிலையத்துக்குப் போய் வருகிறேன். எல்லாம் தானாக நடக்கிறது. அழுகைதான் இன்னும் வரவில்லை. நிலையத்துச் சமையல்காரர் என்னைக் கல்லுளிமங்கன் என்கிறாராம். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அக்காவின் குரல் ஏதாவது இருந்தால் அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தாய். காட்டில் பறவைக் குரல் பதிவதே அவள் வேலை என்பதால் நிறைய இருக்கும் என்று நானும் நினைத்தேன். ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் இடத்தையும் நேரத்தையும் சொல்வாள்; பிறகு அவளே அதை வெட்டி எறிந்துவிடுவாள். "பாட வந்தது அது. நடுவுல நான் எதுக்கு?" என்பாள். வீட்டில் என்னை வாய் திறக்க விடாதவள்!

அரைப்பாட்டுக்காரனைப் பற்றி உனக்கும் சொல்லியிருப்பாள். அவள் வைத்த பெயர்தான். சருகைக் கிளறிப் பூச்சி தின்னும் சின்னத் தவிட்டு நிறப் பறவை. புதருக்கு வெளியே தலை காட்டாது. ஆண் பாதிப் பாட்டைப் பாடும், பெட்டை மீதியை முடிக்கும். நடுவே மூச்சுவிடும் இடைவெளிகூட இருக்காது. கேட்பவர்கள் ஒரே பறவை என்று சத்தியம் செய்வார்கள்.

நேற்று ஓடைக்கரைப் பதிவைக் கேட்டேன். நிலையத்தின் ஒலித் தொகுப்பில் ‘ஜோடி’ என்று பெயரிட்டு நானே சேர்த்து வைத்தது. பின்பாதி ஒரு துளி தாமதமாக வந்தது. பெட்டை தாமதிக்காது. திரும்பத் திரும்பக் கேட்டேன். அங்கே பெட்டையே இல்லை, மச்சான். தனியாக இருந்த ஆணைக் கிட்டே வரவழைக்க உன் அக்கா சீழ்க்கை அடித்திருக்கிறாள். சின்ன வயதில் மாடியிலிருந்து உன்னைக் கூப்பிட அடிப்பாளாமே, அதேபோல. பேச்சை வெட்டியவள் இதை மட்டும் விட்டுவிட்டாள். பறவையும் நம்பிவிட்டது, கடைசியில் மைக்குக்குப் பக்கத்திலேயே வந்து பாடுகிறது.

முறைப்படி அந்தப் பெயரை நான் திருத்த வேண்டும். மனம் வரவில்லை.

பதிவைப் பென் டிரைவில் போட்டு இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். முதலில் கேட்பது பறவை. அடுத்தது உன் அக்கா.

நீயும் உன் வீட்டாரும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும். கேட்டு அழுதாயானால் எனக்கு ஒரு வரி எழுது. அதைப் படித்தாவது எனக்கு வருகிறதா பார்க்கிறேன்.

உன் அத்தான்